விலை கொடுத்தவரும் நுகர்ந்தவரும்: பொருட்பாதுகாப்பு முதல் மின்னணு உரிமை வரை ‘நுகர்வோர்’ என்னும் கருத்தின் வரலாறு

ஆய்வுச்சுருக்கம்

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டங்களின் வரலாற்றில் ஒரு வினா மீண்டும் மீண்டும் எழுந்துள்ளது: காப்புக்கு உரியவர் விலை கொடுத்தவரா, பொருளால் கேடுற்றவரா? 1842ஆம் ஆண்டின் ஆங்கிலத் தீர்ப்பொன்று முதல் இந்தியாவின் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வரை இவ்வினாவுக்கு அளிக்கப்பட்ட விடைகளை இக்கட்டுரை வரலாற்று நோக்கில் ஆராய்கிறது. பொருட்பாதுகாப்புத் துறையில் விலை கொடுத்தமை என்னும் அளவுகோல் படிப்படியாகத் தளர்ந்ததையும், ‘இலவச’ மின்னணுச் சேவைகளின் காலத்தில் அதே அளவுகோல் மீண்டும் தடையாக நிற்பதையும் இது எடுத்துக்காட்டுகிறது. நுகர்வோர் என்னும் தமிழ்ச்சொல்லின் பொருட்பரப்பு, சட்ட வரையறையைவிட விரிந்தது என்பதும் அவ்விரிவே இன்றைய தேவை என்பதும் இக்கட்டுரையின் முடிபுகள்.

திறவுச்சொற்கள்: நுகர்வோர், மறுபயன், பொருட்பொறுப்பு, மின்வணிகம், தரவுப் பாதுகாப்பு, இலவசச் சேவை.

முன்னுரை

கடையில் வாங்கிய பொருள் பழுதுற்றால் வாங்கியவர் கடைக்காரரிடம் கேட்கலாம் என்பது எவரும் அறிந்த வழக்கம். ஆனால் வாங்கியவர் ஒருவராகவும் உண்டவர் வேறொருவராகவும் இருப்பின் கேட்கும் உரிமை யாருக்கு? விற்றவர் ஒருவராகவும் செய்தவர் வேறொருவராகவும் இருப்பின் யாரிடம் கேட்பது? பணமே கைமாறாத நிலையில் கேட்கும் உரிமை உண்டா? இம்மூன்று வினாக்களும் இக்கட்டுரையில் ஒரே வினாவின் மூன்று வடிவங்களாகக் கொள்ளப்படுகின்றன. முதலிரண்டும் 19, 20ஆம் நூற்றாண்டுகளில் பொருட்பாதுகாப்புச் சட்டத்தை வடிவமைத்தன. மூன்றாவது வினாவை 21ஆம் நூற்றாண்டின் மின்னணுச் சந்தை நம்முன் வைத்துள்ளது.

நுகர்வோர் பாதுகாப்புப் பற்றிய தமிழ்க் கட்டுரைகள் பெரும்பாலும் சட்ட விதிகளை வரிசைப்படுத்துவனவாகவும் விழிப்புணர்வை நோக்கமாகக் கொண்டனவாகவும் அமைந்துள்ளன. அவற்றின் பயன் மறுக்கத்தக்கதன்று. எனினும், ‘நுகர்வோர் யார்?’ என்னும் வரையறையின் வரலாறே ஒருவருக்குக் கிடைக்கும் காப்பின் எல்லையைத் தீர்மானிக்கிறது. ஆகவே விதிகளைவிட வரையறையையே இக்கட்டுரை பின்தொடர்கிறது.

சொல்லும் வரையறையும்

‘நுகர்’ என்னும் வினையடி துய்த்தல், பட்டறிதல், முகர்தல் ஆகிய பொருள்களைத் தருவது. மெய்யியல் நூல்களில் வினைப்பயனை நுகர்தல் என்னும் வழக்கில் அது இன்பத்தையும் துன்பத்தையும் ஒருசேரக் குறிக்கிறது. நுகர்பவர் என்றால் தம்மேல் வந்துறும் பயனைப் பட்டறிபவர் என்பதே பொருள். இச்சொல்லில் விலை, வாங்குதல் என்னும் குறிப்பு எதுவும் இல்லை. ஈழத்தமிழில் வழங்கும் ‘பாவனையாளர்’ என்னும் சொல்லும் பயன்படுத்துபவரையே சுட்டுகிறது, வாங்குபவரை அன்று.

பழைய வணிக அறமோ இருவருக்கிடையே நிகழும் கொடுக்கல் வாங்கலை மையமாகக் கொண்டது. காவிரிப்பூம்பட்டினத்து வணிகரின் நடுவுநிலையைப் போற்றும் பட்டினப்பாலை, அவர்கள் கொள்ளும்போது மிகையாகக் கொள்ளாமையையும் கொடுக்கும்போது குறையாகக் கொடுக்காமையையும் சிறப்பிக்கிறது. அர்த்தசாத்திரத்தின் நான்காம் நூல் எடை, அளவு, கலப்படம், இலாப வரம்பு ஆகியவற்றில் வணிகரைக் கண்காணிக்கும் முறையைக் கூறுகிறது. இரண்டிலும் அக்கறை உண்டு. ஆயினும் அவ்வக்கறை கொள்வோர், கொடுப்போர் என்னும் இருவர் நிற்கும் களத்திலேயே செயற்படுகிறது. செய்தவரும் விற்றவரும் ஒருவராகவோ ஒரே ஊரினராகவோ இருந்த சந்தைக்கு அது போதுமானதாக இருந்தது. தொழிற்சாலை உற்பத்தி, செய்தவரைக் கண்ணுக்குத் தெரியாத தொலைவுக்கு நகர்த்தியபோது அப்போதாமை வெளிப்பட்டது.

ஒப்பந்தம் என்னும் சுவர்: 1842 – 1932

1842ஆம் ஆண்டு இங்கிலாந்தில் விண்டர்பாட்டம் எதிர் ரைட் வழக்கு தீர்ப்பானது. அஞ்சல் வண்டி உடைந்ததால் அதன் ஓட்டுநர் விண்டர்பாட்டம் காயமுற்றார். வண்டியை வழங்கிப் பராமரிக்கும் பொறுப்பை ரைட் ஏற்றிருந்தார். ஆனால் அவருடைய ஒப்பந்தம் அஞ்சல் துறைத் தலைமையோடு செய்யப்பட்டதே ஒழிய ஓட்டுநரோடு செய்யப்பட்டதன்று. ஒப்பந்த உறவு இல்லாதவர் வழக்குத் தொடுக்க முடியாது என்று நீதிமன்றம் கூறியது. இவ்வழியைத் திறந்துவிட்டால் வழக்குகளுக்கு வரம்பே இராது என்னும் அச்சம் அத்தீர்ப்பில் வெளிப்படையாகவே பதிவாகியுள்ளது. புதிய காப்பு எதனைப் பற்றிப் பேசினும் இதே அச்சம் பின்னாளிலும் வெவ்வேறு சொற்களில் திரும்பத் திரும்ப ஒலிப்பதைக் காணலாம்.

அமெரிக்காவில் 1916ஆம் ஆண்டு நியூயார்க் மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் நீதிபதி கார்டோசோ இச்சுவரில் ஒரு வாயிலைத் திறந்தார். மெக்பெர்சன் எதிர் ப்யூக் வழக்கில் மகிழுந்தின் மரச்சக்கரம் நொறுங்கி உரிமையாளர் காயமுற்றிருந்தார். அவர் வண்டியை வாங்கியது விற்பனையாளரிடம்; செய்தவரிடம் அன்று. எனினும் கவனக்குறைவாகச் செய்யப்பட்டால் உயிருக்கு இடர் தரும் பொருளைச் செய்தவர், வாங்கிய விற்பனையாளரைக் கடந்து பயன்படுத்துவோருக்கும் பொறுப்புடையவர் என்று அத்தீர்ப்பு வகுத்தது.

இவ்வரலாற்றின் திருப்புமுனை ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி நகரில் தொடங்கியது. 1928 ஆகஸ்டு 26ஆம் நாள் மே டோனஹியூ என்பவர் தம் தோழியோடு ஒரு சிற்றுண்டிச் சாலைக்குச் சென்றார். தோழி அவருக்கு ஜிஞ்சர் பீர் வாங்கித் தந்தார். புட்டி உட்பொருள் தெரியாத கருங்கண்ணாடியால் ஆனது. ஒரு பகுதியைக் குடித்தபின் எஞ்சியதை ஊற்றியபோது அழுகிய நத்தை வெளிவந்ததாகவும், அதனால் தாம் நோயுற்றதாகவும் அவர் வழக்குத் தொடுத்தார். டோனஹியூ வாங்கியவரல்லர், ஆகவே கடைக்காரரோடும் அவருக்கு ஒப்பந்தம் இல்லை, பானம் செய்த ஸ்டீவன்சனோடும் ஒப்பந்தம் இல்லை. 1932 மே 26ஆம் நாள் பிரபுக்கள் அவை மூவருக்கு இருவர் என்னும் பெரும்பான்மையில், செய்தவர் இறுதியில் நுகர்பவருக்குக் கவனக்கடமை உடையவர் என்று தீர்ப்பளித்தது. தம் செயலால் பாதிக்கப்படுவார் என எதிர்பார்க்கத்தக்க எவரும் அயலாரே என்னும் ஆட்கின் பிரபுவின் விளக்கம், பொதுச்சட்ட நாடுகள் பலவற்றிலும் தீங்கியல் சட்டத்தின் அடிப்படையாயிற்று. புட்டியில் நத்தை இருந்ததா என்பது இறுதிவரை விசாரிக்கப்படவில்லை என்பதும் குறிப்பிடத்தக்கது. நீதிமன்றம் விடையளித்தது சட்ட வினாவுக்கே: விலை கொடாதவருக்கு உரிமை உண்டா? உண்டு என்பதே விடை.

மருந்துப் பேரிடர்கள் கற்பித்தவை

டோனஹியூ தீர்ப்பு கேடுற்றபின் கேட்கும் உரிமையைத் தந்தது. கேடு நேராமல் தடுக்கும் கடமையை அரசுகளுக்கு உணர்த்தியவை மருந்துப் பேரிடர்களே.

1937ஆம் ஆண்டு அமெரிக்காவில் சல்ஃபானிலமைடு மருந்தைத் திரவமாக்க டைஎதிலீன் கிளைக்கால் என்னும் நச்சுக் கரைப்பான் பயன்படுத்தப்பட்டது. விற்பனைக்குமுன் அதன் நச்சுத்தன்மை சோதிக்கப்படவில்லை. 100க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவர்களுள் குழந்தைகள் பலர். அன்றைய சட்டப்படி சோதனையின்றி விற்றது குற்றமன்று. சாராயம் கலந்த மருந்தைக் குறிக்கும் ‘எலிக்சர்’ என்னும் பெயரைச் சாராயம் இல்லாத மருந்துக்கு இட்ட பெயர்ப் பிழையைக் காட்டியே அரசு அதனைப் பறிமுதல் செய்ய முடிந்தது. 1938ஆம் ஆண்டுச் சட்டம் விற்பனைக்குமுன் பாதுகாப்பை மெய்ப்பிக்கும் கடமையை மருந்து செய்வோர்மேல் சுமத்தியது.

1957இல் மேற்கு ஜெர்மனியில் விற்பனைக்கு வந்து 1961இல் திரும்பப் பெறப்பட்ட தாலிடோமைடு, வினாவை மேலும் கூர்மையாக்கியது. மருந்தை உட்கொண்டவர் தாய். கேடுற்றதோ கருவில் இருந்த குழந்தை. பல நாடுகளில் 10,000க்கும் மேற்பட்ட குழந்தைகள் உறுப்புக் குறைகளோடு பிறந்தனர். வாங்கியவர், உண்டவர் என்னும் இரு வட்டங்களுக்கும் வெளியே நின்ற ஒருவரே இங்கு முதன்மையாகக் கேடுற்றவர். ஐரோப்பாவில் செய்தவரின் கவனக்குறைவை மெய்ப்பிக்கத் தேவையற்ற பொருட்பொறுப்பை வகுத்த 1985ஆம் ஆண்டு ஐரோப்பியச் சமூக நெறியுறுத்தத்துக்கு வழிவகுத்த விவாதங்களில் இப்பேரிடருக்குப் பெரும்பங்கு உண்டு.

1962 மார்ச் 15ஆம் நாள் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கென்னடி நாடாளுமன்றத்துக்கு விடுத்த செய்தியில் பாதுகாப்பு, தகவல், தேர்வு, கேட்கப்படுதல் ஆகிய நான்கு உரிமைகளை முன்வைத்தார். 1985 ஏப்ரலில் ஐக்கிய நாடுகள் பொதுப்பேரவை நுகர்வோர் பாதுகாப்புக்கான வழிகாட்டு நெறிகளை ஏற்றது. 2015ஆம் ஆண்டுத் திருத்தத்தில் மின்வணிகமும் நுகர்வோரின் அந்தரங்கமும் அந்நெறிகளில் இடம்பெற்றன. பொருட்பாதுகாப்பும் மின்னணு உரிமையும் பன்னாட்டு அளவில் ஒரே ஆவணத்தில் சந்தித்தமைக்கு இது சான்று.

இந்தியாவில் 1986ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் டைஎதிலீன் கிளைக்கால் கலந்த கிளிசரின் கொடுக்கப்பட்ட நோயாளிகள் 14 பேர் இறந்தனர். நீதிபதி லென்டின் ஆணையம் இதனை விசாரித்தது. அங்கும் மருந்தை வாங்கியது மருத்துவமனை, உட்கொண்டவர் நோயாளி. அதே ஆண்டின் இறுதியில்தான் இந்திய நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது.

இந்தியச் சட்டமும் தமிழகப் பின்புலமும்

நுகர்வோர் ஒன்றுகூடித் தம்மைக் காத்துக்கொள்ளும் முயற்சிகளுள் தமிழகத்தின் பங்கு தொன்மையானது. 1904இல் சென்னையில் தோன்றிய திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம், நுகர்வோரே உரிமையாளராக அமைந்த கடைமுறையை நிறுவியது. சரியான எடை, கலப்படமற்ற பண்டம், நேரிய விலை ஆகியவற்றைச் சட்டத்தின் துணையின்றி அமைப்பின் வழியே பெறும் முயற்சி அது. 1918இல் சென்னை மாகாணக் கலப்படத் தடைச்சட்டம் இயற்றப்பட்டது. மருந்துகளுக்கு 1940ஆம் ஆண்டுச் சட்டமும், நாடு முழுவதற்குமான உணவுக் கலப்படத் தடைச்சட்டம் 1954ஆம் ஆண்டிலும் வந்தன. இவற்றில் வழக்கு அரசுக்கும் வணிகருக்கும் இடையே நடந்தது. தண்டத்தொகை அரசுக்குச் சென்றது. கலப்பட உணவை உண்டு நோயுற்றவர் பெரும்பாலும் சாட்சியாக மட்டுமே நின்றார். 1930ஆம் ஆண்டுச் சரக்கு விற்பனைச் சட்டமோ விற்றவருக்கும் வாங்கியவருக்கும் இடைப்பட்டதை மட்டுமே பேசியது.

1986 டிசம்பர் 24ஆம் நாள் குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்ற நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், மாவட்டம், மாநிலம், தேசியம் என்னும் மூன்று நிலைகளில் எளிய குறைதீர் மன்றங்களை அமைத்தது. கேடுற்றவரையே வழக்கின் நடுவில் நிறுத்தியமை அதன் வரலாற்றுச் சிறப்பு. அதன் வரையறை இரு முகங்கள் கொண்டது. மறுபயன் கொடுத்துப் பொருள் வாங்குபவரே நுகர்வோர் என்று தொடங்கி, வாங்கியவரின் இசைவோடு பயன்படுத்துபவரையும் சேவையின் பயனாளியையும் அது சேர்த்துக்கொண்டது. டோனஹியூ இந்தியாவில் இருந்திருப்பின் இச்சட்டத்தின்கீழ் நுகர்வோரே. ஆனால் வெடித்த எரிவாயு உருளையால் காயமுற்ற அண்டை வீட்டார், பொருளைப் பயன்படுத்தாமையால் இவ்வரையறையின் சொற்களுக்கு வெளியே நின்றார். கட்டணமின்றி வழங்கப்படும் சேவையையும் சட்டம் வெளிப்படையாகவே விலக்கியது.

இவ்விலக்கின் பொருளை 1995 நவம்பர் 13ஆம் நாள் இந்திய மருத்துவச் சங்கம் எதிர் வி.பி. சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் விரிவாக ஆராய்ந்தது. மருத்துவமனைகளை அது மூவகையாகப் பகுத்தது. எல்லோருக்கும் இலவசமாக மருத்துவம் அளிப்பவை சட்டத்துக்கு வெளியே நின்றன. எல்லோரிடமும் கட்டணம் பெறுபவை உள்ளே வந்தன. சிலரிடம் கட்டணம் பெற்று வேறு சிலருக்கு இலவசமாக அளிப்பவற்றில், இலவசமாக மருத்துவம் பெற்றவரும் நுகர்வோரே என்று நீதிமன்றம் முடிவு செய்தது. கட்டணம் செலுத்துவோரிடமிருந்து பெறும் வருவாயே இலவச மருத்துவத்தின் செலவைத் தாங்குவதால், இலவசமாகப் பெறுபவர் அக்கட்டணச் சேவையின் பயனாளி ஆகிறார் என்பது அதன் தருக்கம். பணத்தை யார் செலுத்தினார் என்பதைவிடச் சேவை எவ்வருவாயில் இயங்குகிறது என்பதை நீதிமன்றம் நோக்கியது. இத்தருக்கத்தின் முழுப் பயன் மின்னணுச் சேவைகளில்தான் புலப்படும். அதனைப் பின்னர்க் காண்போம்.

2019ஆம் ஆண்டுச் சட்டம்: முன்னேற்றமும் பின்னடைவும்

1986ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக வந்த 2019ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெரும்பகுதி 2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்தது. இணையவழிப் பரிமாற்றங்கள் வெளிப்படையாகச் சேர்க்கப்பட்டன. பொருட்பொறுப்புக்கெனத் தனி இயல் அமைந்தது. செய்தவர், விற்றவர், சேவையளித்தவர் ஆகிய மூவர்மேலும் வழக்குத் தொடுக்க வழி ஏற்பட்டது. பாதுகாப்பற்ற பொருள்களைத் திரும்பப் பெற ஆணையிடும் அதிகாரத்தோடு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் உருவாயிற்று. நம்பி அளிக்கப்பட்ட தனிநபர்த் தகவலைச் சட்டத்துக்குப் புறம்பாகப் பிறருக்கு வெளியிடுதல் நேர்மையற்ற வணிக நடைமுறையாக வகுக்கப்பட்டது. இவை யாவும் முன்னேற்றங்களே.

ஆயினும் மூன்று இடங்களில் பழைய அளவுகோல் நிலைத்துவிட்டது. முதலாவது, வரையறையில் மறுபயன் தொடர்கிறது. கட்டணமற்ற சேவை விலக்கப்பட்டே உள்ளது. இரண்டாவது, எந்த ஆணையத்தில் வழக்குத் தொடுப்பது என்பதைப் பழைய சட்டம் பொருளின் மதிப்பு, கேட்கப்படும் இழப்பீடு ஆகிய இரண்டையும் கொண்டு தீர்மானித்தது. புதிய சட்டமோ செலுத்தப்பட்ட மறுபயனை மட்டும் கொண்டு தீர்மானிக்கிறது. இவ்விதி அரசமைப்புக்கு முரணன்று என்று 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் ஏற்றது. இழப்பீட்டைத் தாறுமாறாக மிகைப்படுத்திக் கேட்கும் போக்கை இவ்விதி தடுக்கும் என்பது உண்மையே. எனினும் விலை மலிந்த பொருளால் நேர்ந்த உயிரிழப்பும் அப்பொருளின் விலையாலேயே அளக்கப்பட்டு அதற்குரிய மன்றத்தைச் சேர்கிறது என்பதும் உண்மை.

மூன்றாவது, ‘பொருள்’ என்பதன் வரையறை. வாயு, திரவம், திண்மம் ஆகிய நிலைகளில் இருக்கக்கூடியதாகவே பொருட்பொறுப்புக்குரிய பொருளைச் சட்டம் விளக்குகிறது. மென்பொருள் இம்மூன்றில் எந்நிலையது? வட்டில் பதிந்து விற்கப்படும் ஆயத்த மென்பொருள் விற்பனை வரிக்கு உரிய சரக்கே என்று 2004இல் உச்ச நீதிமன்றம் கூறியுள்ளது. வரி விதிக்கும்போது சரக்காகும் ஒன்று, கேடு விளைக்கும்போது பொருளாகுமா என்னும் வினாவுக்குச் சட்டத்தின் சொற்கள் தெளிவான விடை தரவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024ஆம் ஆண்டுப் பொருட்பொறுப்பு நெறியுறுத்தம் மென்பொருளைப் பொருள் என்றே வெளிப்படையாக வகுத்து, தொழில்சாராத தரவின் அழிவையும் சிதைவையும் இழப்பீட்டுக்குரிய கேடாக ஏற்றுள்ளமை ஒப்புநோக்கத்தக்கது.

புதிய வினாக்கள் எழுந்தமையால் பழைய வினாக்கள் தீர்ந்துவிட்டன என்று கருதவியலாது. 2025ஆம் ஆண்டு காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரிக்கப்பட்ட இருமல் மருந்து ஒன்றை அருந்திய குழந்தைகள், மத்தியப் பிரதேசத்தின் சிந்துவாரா மாவட்டத்திலும் அதன் சுற்றுப்புறத்திலும் 20 பேருக்குமேல் இறந்தனர். தமிழ்நாட்டு அரசின் மருந்துச் சோதனையில் அம்மருந்தில் டைஎதிலீன் கிளைக்கால் 48.6 விழுக்காடு இருந்தமை கண்டறியப்பட்டது. 1937இல் அமெரிக்காவிலும் 1986இல் மும்பையிலும் உயிர்களைப் பறித்த அதே நச்சுப்பொருள் இது. 88 ஆண்டுகளாக அறியப்பட்ட இடர், சோதனைக் கடமை நிறைவேறாத இடத்தில் மீண்டும் தலைதூக்கியது. சட்டத்தில் உரிமை எழுதப்படுவதும் அது நடைமுறையில் உயிர்காப்பதும் வேறு வேறு என்பதை இந்நிகழ்வு வலியுறுத்துகிறது.

தளம் என்னும் புதிய இடைநிலையர்

1842இல் ஓட்டுநருக்கும் வண்டி வழங்கியவருக்கும் இடையே ஒப்பந்தச் சுவர் நின்றது. இன்று வாங்குபவருக்கும் விற்பவருக்கும் இடையே இணையத் தளம் நிற்கிறது. விற்பவர் வேறு, தாம் இடம் தந்தவர் மட்டுமே என்பது தளங்களின் வாதம். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79ஆம் பிரிவு இடைநிலையருக்கு நிபந்தனையோடு கூடிய பொறுப்புவிலக்கை அளிக்கிறது. 2020 ஜூலையில் அறிவிக்கப்பட்ட மின்வணிக விதிகள், விற்பவரின் விவரத்தையும் பொருள் உருவான நாட்டையும் வெளியிடுதல், குறைதீர் அலுவலரை அமர்த்துதல், புகாரை 48 மணி நேரத்துக்குள் ஏற்று ஒரு மாதத்துக்குள் தீர்த்தல் ஆகிய கடமைகளை விதித்தன.

இல்லங்களில் பயன்படும் பிரஷர் குக்கர்கள் 2021 பிப்ரவரி முதல் கட்டாயத் தரக்கட்டுப்பாட்டுக்கு உட்பட்டன. அத்தரத்துக்கு இணங்காத குக்கர்கள் தங்கள் தளத்தில் விற்கப்பட்டமைக்காகப் பெரிய மின்வணிக நிறுவனங்கள்மீது மத்திய ஆணையம் 2022இல் தண்டம் விதித்து, வாங்கியவர்களுக்கு அறிவித்து விலையைத் திருப்பித் தருமாறு ஆணையிட்டது. சமையலறையில் வெடிக்கக்கூடிய ஒரு கலமும் இணையத்தில் விற்பனையை ஒழுங்குபடுத்தும் நிரலும் ஒரே ஆணையில் சந்திக்கின்றன. பொருட்பாதுகாப்பையும் மின்னணு உரிமையையும் இனித் தனித்தனித் துறைகளாகப் பிரித்து ஆராய இயலாது என்பதற்கு இது தக்க சான்று.

2023 நவம்பர் 30ஆம் நாள் வெளிவந்த வழிகாட்டு நெறிகள், பொய்யான அவசரத்தை உண்டாக்குதல், கேட்காத பொருளைக் கூடையில் சேர்த்தல், சந்தாவிலிருந்து வெளியேறவிடாமல் சிக்கவைத்தல் முதலிய 13 ஏமாற்று வடிவமைப்புகளைத் தடைசெய்தன. பழைய கலப்படம் பண்டத்தில் நிகழ்ந்தது. இவ்வடிவமைப்புகளோ நுகர்வோரின் முடிவில் கலப்படம் செய்கின்றன எனலாம்.

‘இலவசம்’ என்பதன் விலை

தேடுபொறி, சமூக ஊடகம், நிழற்படச் செயலி, குழந்தைகளுக்கான விளையாட்டு ஆகியவற்றுள் பலவும் பணம் பெறாமலே வழங்கப்படுகின்றன. அவற்றின் வருவாய் பயன்படுத்துவோரின் தரவைக் கொண்டு ஈட்டப்படும் விளம்பரத்திலிருந்து வருகிறது. இத்தகைய செயலியால் ஒருவருடைய அந்தரங்கம் வெளிப்பட்டாலோ, தவறான வடிவமைப்பால் ஒரு குழந்தை கேடுற்றாலோ, அவர் நுகர்வோர் ஆணையத்தை நாடும்போது முதல் தடை ‘மறுபயன் எங்கே?’ என்னும் வினாவே.

இங்குச் சாந்தா வழக்கின் தருக்கம் நினைக்கத்தக்கது. கட்டணம் செலுத்தும் நோயாளியின் வருவாயில் இலவச நோயாளிக்கு மருத்துவம் நடைபெறுவதால் அவர் நுகர்வோர் ஆனார். விளம்பரதாரரின் வருவாயில் இலவசப் பயனருக்குச் சேவை நடைபெறும்போது அவரும் நுகர்வோர் ஆகலாமே. வேறுபாடும் உண்டு: மருத்துவமனையில் இருவரும் பெறுவது ஒரே வகைச் சேவை, செயலியில் விளம்பரதாரர் பெறுவது பயனரின் கவனம். ஆனால் அவ்வேறுபாடு பயனரின் கோரிக்கையை வலுப்படுத்துகிறதே ஒழிய நலிவிக்கவில்லை. ஏனெனில் இங்கு வருவாயின் மூலப்பொருளாக அமைவது பயனரே.

இந்தியாவில் இச்சிக்கல் வேறொரு சட்டத்தின் வழியே அணுகப்பட்டது. 2017 ஆகஸ்டு 24ஆம் நாள் புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு அந்தரங்கம் அடிப்படை உரிமை என ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. 2023இல் மின்னணுத் தனிநபர்த் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. இச்சட்டம் மறுபயனைக் கேட்பதில்லை. தரவுக்கு உரியவர் என்பதே போதும். வரையறை அளவில் இது பெரும் முன்னேற்றம். ஆனால் தீர்வின் அளவில் நிலைமை வேறு. தரவைக் காக்கத் தவறிய நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை தண்டம் விதிக்கலாம்; அத்தொகை இந்தியத் தொகுநிதியைச் சேரும். தரவை அசட்டையாகக் கையாண்ட நிறுவனத்திடம் இழப்பீடு பெற வழிசெய்த தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவையும் இச்சட்டம் நீக்குகிறது.

ஆகவே இரு சட்டங்களுக்கிடையே ஓர் இடைவெளி உருவாகிறது. நுகர்வோர் சட்டம் இழப்பீடு தரும், ஆனால் விலை கொடுத்தவருக்கே தரும். தரவுச் சட்டம் அனைவரையும் ஏற்கும், ஆனால் இழப்பீடு தராது. கலப்படத் தடைச்சட்டங்களின் காலத்தில் தண்டம் அரசுக்குச் செல்ல, உண்டவர் சாட்சியாக நின்றதை இந்நிலை நினைவூட்டுகிறது. நூறாண்டுக்குமுன் உணவில் இருந்த நிலை இன்று தரவில் திரும்பியுள்ளது.

தரவை விலையாகக் கொள்ளலாமா?

இவ்விடைவெளியை நிரப்ப, தரவையே மறுபயனாகக் கொள்ளலாம் என்னும் வழி சிலரால் முன்வைக்கப்படுகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2019ஆம் ஆண்டு மின்னணு உள்ளடக்க நெறியுறுத்தத்தை வகுத்தபோது இவ்விவாதம் எழுந்தது. தரவை விலைக்கு ஈடாகக் கூறுவது அடிப்படை உரிமையை விற்பனைப் பண்டமாக்கும் என்று ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு மேற்பார்வையாளர் 2017இல் எச்சரித்தார். இறுதி வடிவில், தரவை விலை என்று பெயரிடாமலே, பணம் கொடுத்தவருக்குரிய காப்பு தனிநபர்த் தரவை அளித்தவருக்கும் உண்டு என்று அந்நெறியுறுத்தம் வகுத்தது. சேவை வழங்கவோ சட்டக் கடமைக்காகவோ மட்டும் பெறப்படும் தரவை அது விலக்கியது.

இக்கட்டுரை ஆராய்ந்த வரலாறும் இவ்வழியையே சுட்டுகிறது. டோனஹியூவுக்கு உரிமை கிடைத்தது, தோழி கொடுத்த பணத்தை அவர் கொடுத்ததாகக் கற்பித்ததனால் அன்று. பணம் யார் கொடுத்தார் என்னும் வினாவே அங்குப் பொருத்தமற்றது என்று விலக்கியதனால் ஆகும். தரவை விலையாகக் கற்பிப்பதைவிட, கேடு விளைவிக்கக்கூடிய தொழிலை நடத்துபவருக்கு அக்கேட்டை நுகர்பவரிடம் பொறுப்பு உண்டு என்பதே வரலாற்றோடு இயைந்த வழி.

இவ்வழிக்கு எழும் மறுப்பும் கருதத்தக்கது. இலவசமாகச் சேவை செய்யும் தன்னார்வலரும், ஊதியம் கருதாது கட்டற்ற மென்பொருளை எழுதுவோரும் வழக்குகளால் நசுங்கிப்போவர் என்பர். தமிழ்க் கணிமையின் வளர்ச்சியில் தன்னார்வலரின் பங்கை அறிந்த தமிழ் ஆய்வுலகம் இக்கவலையைப் புறக்கணிக்க முடியாது. ஆனால் இதற்கு விடை உண்டு. 2024ஆம் ஆண்டு ஐரோப்பிய நெறியுறுத்தம், வணிகச் செயற்பாட்டுக்குப் புறம்பாக உருவாக்கி அளிக்கப்படும் கட்டற்ற திறமூல மென்பொருளைப் பொறுப்பிலிருந்து விலக்கியுள்ளது. பயனர் பணம் செலுத்தினாரா என்பதை விடுத்து, வழங்குபவர் அதனைத் தொழிலாக நடத்துகிறாரா என்பதே எல்லைக்கோடாக அமையுமானால், தன்னார்வலர் காக்கப்படுவர். விளம்பரத்தால் செழிக்கும் நிறுவனம் பொறுப்பேற்கும்.

முடிவுரை

பொருட்பாதுகாப்பின் வரலாற்றில் ஒவ்வொரு முன்னேற்றமும், விலை கொடுத்தவர் என்னும் வட்டத்தை மீறி நின்ற ஒருவரின் துயரால் விளைந்தது. வண்டி ஓட்டுநர் தோற்றார்; தோழி வாங்கித் தந்த பானத்தைக் குடித்தவர் வென்றார்; கருவில் கேடுற்ற குழந்தைகளும் மருத்துவமனை வாங்கிய மருந்தை அருந்திய நோயாளிகளும் சட்டத்தின் பார்வையை விரித்தனர். அவ்விரிவு மின்னணுச் சந்தையின் வாயிலில் நின்றுவிட்டது. 2019ஆம் ஆண்டுச் சட்டத்தில் கட்டணமற்ற சேவைக்குரிய விலக்கை, தொழிலாக நடத்தப்படும் சேவைகளுக்குப் பொருந்தாது எனத் திருத்துதல். பொருள் என்பதன் வரையறையில் மென்பொருளைச் சேர்த்தல். தரவுக் கேட்டுக்கு நுகர்வோர் ஆணையங்களிலேயே இழப்பீடு பெற வழிசெய்தல் ஆகிய மூன்றும் இவ்வாய்வின் பரிந்துரைகள்.

நுகர்வோர் என்னும் சொல்லைத் தமிழ் தேர்ந்தபோது, வாங்குவோர் என்பதையோ கொள்வோர் என்பதையோ அது தேரவில்லை. தம்மேல் வந்துறும் பயனைப் பட்டறிபவர் என்னும் பொருள் அச்சொல்லில் முன்பே உறைந்துள்ளது. சட்டத்தின் வரையறை அச்சொல்லின் அகலத்தை எட்டுவதே எஞ்சியுள்ள பணி.